அணிக்குச் சோழர் பெயர். அரியலூருக்கு ஆடுகளம் எப்போது?

2025 ஜூலை 6ஆம் தேதி இரவு, நத்தத்தில் உள்ள என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் (டிஎன்பிஎல்) ஒன்பதாவது சீசன் முடிந்தது. சாய் கிஷோர் தலைமையிலான ஐட்ரீம் திருப்பூர் தமிழன்ஸ் 20 ஓவரில் 5 விக்கெட்டுக்கு 220 ரன் குவித்தது. அமித் சாத்விக் 65 ரன், துஷார் ரஹேஜா 77 ரன். முந்தைய ஆண்டு சாம்பியனும் அஸ்வின் தலைமையிலான அணியுமான திண்டுக்கல் டிராகன்ஸ், சொந்த மைதானத்திலேயே 102 ரன்னில் சுருண்டது. 118 ரன் வித்தியாசத்தில் திருப்பூருக்கு முதல் கோப்பை கிடைத்தது. லீக் சுற்றின் ஏழு ஆட்டங்களிலும் தோல்வியே காணாமல் வந்த சேப்பாக் சூப்பர் கில்லீஸ், பிளே-ஆஃப் சுற்றில் அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களில் தோற்று வெளியேறியது. எலிமினேட்டரில் அஸ்வின் மூன்று விக்கெட் எடுத்து, 83 ரன்னும் அடித்து ஓர் அணியை வீட்டுக்கு அனுப்பினார். அந்த அணியின் பெயர் திருச்சி கிராண்ட் சோழாஸ். ஆட்டத்தின் தரத்தை வைத்துப் பார்த்தால் நிறைவான சீசன் இது. எந்த ஊர் எந்த ஊருக்காகக் கைதட்டியது என்று பார்த்தால்தான் சிக்கல் தெரியும்.

அந்த இறுதிப் போட்டி முடிந்த மூன்றாவது வாரம், கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடித் திருவாதிரை விழா. ராஜேந்திர சோழனின் பிறந்த நட்சத்திரத்தோடு, அவனுடைய தென்கிழக்காசியக் கடற்படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டையும் சேர்த்துக் கொண்டாடினார்கள். ஜூலை 27 அன்று பிரதமர் வந்தார். நினைவு நாணயம் வெளியானது. கோயில் வளாகத்தில் இளையராஜாவின் இசை ஒலித்தது. சில நாட்கள் நாடே அரியலூர் மாவட்டத்தைத் திரும்பிப் பார்த்தது. ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு ஒரு பேரரசின் தலைநகராக இருந்த ஊர் அது. அந்தப் பேரரசின் பெயரைச் சட்டையில் தாங்கிய ஓர் அணி அதே மாதத்தில் பிளே-ஆஃப் வரை வந்திருக்கிறது. ஆனால் அந்த அணியோ, லீக்கின் வேறு எந்த அணியோ, இந்த ஊரிலிருந்து நூறு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் ஒரு டிஎன்பிஎல் ஆட்டம்கூட ஆடியதில்லை. திருச்சியிலேயே ஆடியதில்லை என்னும்போது, கொள்ளிடத்துக்கு வடக்கே உள்ள அரியலூரையும் பெரம்பலூரையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு வழக்கமாக எழும் கோரிக்கை, எங்கள் மாவட்டத்துக்கும் ஓர் அணி கொடுங்கள் என்பது. அந்தக் கோரிக்கை தவறான இடத்தில் வைக்கப்படுகிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் முதலில் வேண்டியது, லீக் ஆட்டம் நடத்தும் தரத்தில் ஒரு புல்தரை மைதானம். அணியை அதற்குப் பிறகு கேட்கலாம், கேட்காமலும் விடலாம். ஒன்பது சீசன்களின் வரலாறு இதைத்தான் காட்டுகிறது.

லீக் 2016 ஆகஸ்ட் 24 அன்று சேப்பாக்கத்தில் தொடங்கியது. சென்னை சூப்பர் கிங்ஸ் ஐபிஎல்லில் இரண்டாண்டுத் தடையில் இருந்த காலம் அது. ஐபிஎல் ஊர்களின் பெயரில் நடக்கிறது. இது அதற்கும் கீழே இறங்கி மாவட்டங்களின் பெயரில் நடக்கும் என்ற எண்ணமே இதன் கவர்ச்சி. தூத்துக்குடி, சேப்பாக்கம், திண்டுக்கல், காரைக்குடி, கோவை, மதுரை, காஞ்சி, திருவள்ளூர் என்று எட்டுப் பெயர்கள். அவற்றில் இன்று மிஞ்சியிருப்பவை நான்கு. காஞ்சி வாரியர்ஸ் அடுத்த ஆண்டே திருச்சிக்குப் போனது. திருவள்ளூர் வீரன்ஸ் 2018இல் காஞ்சி வீரன்ஸ் ஆனது; 2021 சீசனில் அந்த இடத்தில் நெல்லை ராயல் கிங்ஸ் வந்தது. காரைக்குடி காளை, திருப்பூர் தமிழன்ஸாக மாறியது. எல்லாவற்றையும்விடத் தூத்துக்குடியின் கதை அழுத்தமானது. முதல் சீசனின் கோப்பையை வென்றதும், இரண்டாவது சீசனின் இறுதிப் போட்டிவரை வந்ததும் டூட்டி பேட்ரியாட்ஸ்தான். 2021இல் லீக் மீண்டும் தொடங்கியபோது அந்த அணியின் இடத்தில் சேலம் ஸ்பார்ட்டன்ஸ் இருந்தது. கோப்பை வென்ற ஊர், அணியை இழந்தது. இதற்காகத் தூத்துக்குடியில் யாரும் சாலைக்கு வரவில்லை. அந்த அணி அந்த ஊர் மண்ணில் ஒரு லீக் ஆட்டமும் ஆடியிராதபோது, இழந்தோம் என்று சொல்ல ஊரிடம் என்ன இருந்தது?

இதையே மைதானங்களின் பக்கத்திலிருந்து பாருங்கள். இந்த ஒன்பது சீசன்களும் மொத்தம் ஐந்து இடங்களில்தான் நடந்திருக்கின்றன: சேப்பாக்கம், நத்தம், திருநெல்வேலிக்கு அருகே சங்கர் நகர், கோவை, சேலம் மாவட்டத்தின் வாழப்பாடி. இவற்றில் நத்தமும் சங்கர் நகரும் முதல் சீசனிலிருந்தே உண்டு. 2016இல் நெல்லைக்கு அணி கிடையாது, மைதானம் உண்டு. ஐந்தாண்டு கழித்து அணி வந்தது. வாழப்பாடி மைதானம் 2020 பிப்ரவரியில் ராகுல் டிராவிட் முன்னிலையில் திறக்கப்பட்டது; அடுத்து நடந்த சீசனிலேயே சேலத்தின் பெயரில் ஓர் அணி ஆடியது. தொடக்கம் முதல் மைதானம் வைத்திருந்த திண்டுக்கல்லின் பெயர் ஒருமுறையும் மாறவில்லை. மைதானம் இல்லாத தூத்துக்குடி, காரைக்குடி, காஞ்சி, திருவள்ளூர் ஆகிய நான்கும் பட்டியலிலிருந்து போய்விட்டன. மைதானம் இருந்த ஊருக்கு அணி தேடி வந்திருக்கிறது. அணி மட்டும் இருந்த ஊருக்கு மைதானம் வந்ததாகச் சொல்ல எடுத்துக்காட்டு குறைவு. இது இரும்பு விதி இல்லைதான். மதுரை இத்தனை ஆண்டும் லீக் மைதானம் இல்லாமலேயே அணியைத் தக்கவைத்தது. 2025 அக்டோபரில்தான் அங்கே வேலம்மாள் கிரிக்கெட் மைதானத்தை தோனி திறந்துவைத்தார். கோவையும் பல சீசன் காத்திருந்துதான் சொந்த ஊரில் ஆடியது. ஆனால் மதுரையும் கோவையும் பெருநகரங்கள். விளம்பரதாரர் அந்தப் பெயர்களை விடமாட்டார். ஜெயங்கொண்டத்தின் பெயரையோ பெரம்பலூரின் பெயரையோ அப்படிப் பிடித்து வைத்துக்கொள்ள எந்த விளம்பரதாரருக்கும் காரணம் இராது. சிறிய ஊருக்கு மைதானம் மட்டுமே பிடிமானம்.

மைதானம் என்றால் நாலு பக்கம் கேலரியும் நடுவே புல்லும் என்று நினைத்துவிடக் கூடாது. கிரிக்கெட்டில் அதன் உயிர் நடுவில் உள்ள 22 கெஜம். நம் ஊர்களில் ஏரிக்கரைப் பொட்டலிலும், அறுவடை முடிந்த வயலிலும், கோயில் திடலிலும் பையன்கள் டென்னிஸ் பந்தில் ஆடுகிறார்கள். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் நுழைவுக் கட்டணம் வைத்துப் போட்டிகள் நடக்கின்றன. பக்கத்து ஊர் அணியில் காசு கொடுத்து ஆள் இறக்குவதும் உண்டு. அங்கே திறமைக்குப் பஞ்சமில்லை. ஆனால் டென்னிஸ் பந்தில் பழகிய கண்ணும் மணிக்கட்டும், தையல் தூக்கிய கிரிக்கெட் பந்துக்குப் பழக வேறொரு தரை வேண்டும். சிமென்ட் தளத்தில் பாய் விரித்த மேட்டிங் விக்கெட்டில் பந்து ஒரே சீராக எழும்பும். புல்தரை ஆடுகளத்தில் காலை ஈரத்தில் ஒரு விதமாகவும், மூன்று மணி வெயிலுக்குப் பிறகு வேறு விதமாகவும் நடந்துகொள்ளும். பதினாறு வயதுக்குள் அந்த வித்தியாசத்தில் ஓராயிரம் பந்து ஆடாதவன், மாநிலத் தேர்வுக்கு வந்து நெட்டில் நிற்கும்போது அரைமணி நேரத்தில் பின்தங்கிவிடுவான். தேர்வாளரின் மனத்தில் வஞ்சம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. அந்த அரைமணி நேரமே போதும்.

தங்கராசு நடராஜனின் பாதை இதற்கு நேர்ச் சான்று. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் பழகியவர், கிரிக்கெட் பந்தைக் கையில் எடுக்கச் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. சென்னை லீக்கின் நான்காவது டிவிஷனில் தொடங்கி, படிப்படியாக ஏறி, 2015 தொடக்கத்தில் ரஞ்சி ஆடினார். முதல் டிஎன்பிஎல் சீசனில் திண்டுக்கல் அணிக்காக அவர் வீசிய யார்க்கர்கள்தான் ஐபிஎல் அணிகளின் கண்ணில் பட்டன. 2017 ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவ ஆட்டங்களிலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். இந்தக் கதையை எல்லாரும் அறிவோம். அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்பதுதான் நம் வாதத்துக்கு முக்கியம். கையில் பணமும் பெயரும் வந்தபோது, சின்னப்பம்பட்டியில் ஒரு கிரிக்கெட் மைதானம் அமைத்து 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக்கை வைத்துத் திறந்தார். லீக்கின் மேடையால் மேலே வந்த மனிதர், தன் ஊருக்குத் திருப்பிக் கொடுக்கத் தேர்ந்தெடுத்தது ஆடுகளத்தை. எது குறைந்தது என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

லீக்கின் பெருமையை இங்கே குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. வெளிமாநில வீரர்களைச் சேர்க்க 2018இல் எடுத்த முயற்சிக்கு அனுமதி கிடைக்காததால், இது முழுக்கத் தமிழ்நாட்டு வீரர்களின் மேடையாகவே நிலைத்தது. கட்டடக் கலைஞராக வேலை பார்த்துவிட்டு மட்டையையும் பந்தையும் மீண்டும் எடுத்த வருண் சக்கரவர்த்தி, 2018இல் மதுரை பேந்தர்ஸ் கோப்பை வென்ற சீசனில் அடையாளம் காணப்பட்டு 8.4 கோடிக்கு ஐபிஎல் போனார். 2023இல் முதல்முறையாக மாமல்லபுரத்தில் வீரர்கள் ஏலம் நடந்தபோது, கோவை அணி சாய் சுதர்சனை 21.6 லட்சத்துக்கு எடுத்தது. அப்போது ஐபிஎல்லில் அவருடைய சம்பளம் 20 லட்சம். ஒரு மாநில லீக் இவ்வளவு செய்தது பெரிது. ஆனால் மேடை என்பது ஏறத் தெரிந்தவனுக்குத்தான் பயன்படும். ஏணியின் கடைசிப் படியை லீக் நன்றாகச் செய்து வைத்திருக்கிறது. முதல் படி இன்னும் சென்னையின் டிவிஷன் லீக்கிலும், மைதானம் உள்ள நாலைந்து ஊர்களிலும்தான் இருக்கிறது.

இப்போது அரியலூர், பெரம்பலூருக்கு வருவோம். 1995 வரை இரண்டும் திருச்சி மாவட்டத்தின் பகுதிகள். பெரம்பலூர் அந்த ஆண்டு தனி மாவட்டமானது. அரியலூர் 2001இல் பிரிந்து, மறு ஆண்டே இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் மீண்டும் பிரிந்தது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையிலான இந்த நிலத்தின் அடியில், கடல் இருந்த காலத்துப் புதைபடிவங்களோடு சுண்ணாம்புக்கல் படிந்து கிடக்கிறது. அந்தக் கல்தான் இங்கே சிமென்ட் ஆலைகளைக் கொண்டுவந்தது. அரசின் டான்செம், ரெட்டிபாளையத்தில் அல்ட்ராடெக், கோவிந்தபுரத்தில் ராம்கோ, கீழப்பழுவூரில் செட்டிநாடு, தாமரைக்குளத்தில் டால்மியா, தளவாயில் இந்தியா சிமென்ட்ஸ். தமிழ்நாட்டின் வீடுகளும் பாலங்களும் இந்த மாவட்டத்தைத் தோண்டிக் கட்டப்பட்டவை என்றால் மிகையில்லை.

தமிழ்நாட்டுக் கிரிக்கெட்டுக்கும் சிமென்ட்டுக்கும் உள்ள உறவு ஊரறிந்தது. இந்தியா சிமென்ட்ஸ் நிறுவனம் சென்னை டிவிஷன் லீக் அணிகளைப் பல்லாண்டு தாங்கியது. சென்னை சூப்பர் கிங்ஸை விலைக்கு வாங்கித் தொடங்கியது அந்த நிறுவனம்தான். அதன் நிர்வாக இயக்குநராக இருந்த என். சீனிவாசன் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்துக்கும் இந்தியக் கிரிக்கெட் வாரியத்துக்கும் தலைவராக இருந்தவர். நெல்லைச் சீமையில் அந்த நிறுவனத்தின் முதல் ஆலை சங்கர் நகரில் 1949இல் தொடங்கியது. அந்த ஆலையை ஒட்டியே கிரிக்கெட் மைதானம் வளர்ந்தது. இன்றைக்கு டிஎன்பிஎல் தொலைக்காட்சியில் திருநெல்வேலி என்று எழுத்து ஓடும்போது நாம் பார்ப்பது அந்த ஆலை மைதானத்தைத்தான். ஓர் ஆலை நினைத்தால் ஒரு சிற்றூரை லீக்கின் வரைபடத்தில் ஏற்றிவிட முடியும் என்பதற்கு, வேறு எங்கும் போகாமல் தமிழ்நாட்டுக்குள்ளேயே சான்று இருக்கிறது. அதே நிறுவனத்துக்குத் தளவாயில் ஆலை இருந்தது. அங்கே சங்கர் நகர் உருவாகவில்லை. 2024 டிசம்பரில் இந்தியா சிமென்ட்ஸ், அல்ட்ராடெக்கின் கைக்குப் போய்விட்டது. ஆக, அரியலூர் மாவட்டத்தில் இப்போது இரண்டு ஆலைகள் ஒரே குழுமத்தின் கீழ் வந்திருக்கின்றன. கேட்க வேண்டிய வாசல் எதுவென்பது முன்பைவிடத் தெளிவாகியிருக்கிறது.

கேட்பது பிச்சையும் இல்லை. சுரங்கம் தோண்டும் ஒவ்வொரு மாவட்டத்திலும் கனிம அறக்கட்டளை இருக்க வேண்டும் என்று 2015இல் சுரங்கச் சட்டம் திருத்தப்பட்டது. பழைய குத்தகைதாரர்கள் அரசுக்குக் கட்டும் உரிமத் தொகையில் 30 விழுக்காட்டையும், ஏலத்தில் எடுத்தவர்கள் 10 விழுக்காட்டையும் கூடுதலாக இந்த அறக்கட்டளைக்குச் செலுத்துகிறார்கள். அந்தப் பணம் சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கே செலவாக வேண்டும். எதற்கெல்லாம் செலவிடலாம் என்ற மத்திய அரசின் வழிகாட்டுதலில் கல்வி என்ற தலைப்பின் கீழ் விளையாட்டுக் கட்டமைப்பும் சேர்க்கப்பட்டிருக்கிறது. இதைத் தவிர, 2013 கம்பெனிச் சட்டம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் பார்க்கும் நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்கு ஒதுக்கச் சொல்கிறது. அந்தப் பணிகளின் பட்டியலில் கிராமப்புற விளையாட்டுக்கும், நாட்டளவில் அங்கீகாரம் பெற்ற விளையாட்டுக்குமான பயிற்சி இருக்கிறது. ஐபிஎல் வந்த பிறகு கிரிக்கெட் வாரியம் மாநிலச் சங்கங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் வருமானம் மூன்றாவது ஊற்று. ஒரு மாவட்டத்துக்கு இந்த மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்து வருவது அரிது. அரியலூருக்கு வந்திருக்கிறது.

இங்கே எழும் முதல் மறுப்பு மக்கள்தொகை. 2011 கணக்கெடுப்பில் பெரம்பலூர் மாவட்டத்தில் 5,65,223 பேர். அன்றைய தமிழ்நாட்டிலேயே குறைந்த மக்கள்தொகை கொண்ட மாவட்டம் அதுதான். அரியலூரில் 7,54,894 பேர். இவ்வளவு சிறிய மாவட்டங்களுக்கு லீக் தரத்தில் மைதானம் எதற்கு, யார் வந்து நிரப்புவார்கள் என்று கேட்பார்கள். நத்தமும் வாழப்பாடியும் சங்கர் நகரும் எந்த வகையில் பெருநகரம் என்று திருப்பிக் கேட்கலாம். ஆனால் இன்னும் பொருத்தமான பதில் நமக்கு மேற்கே, மலை ஏறினால் இருக்கிறது. கேரளத்தின் வயநாடு மாவட்டத்தில் அதே 2011 கணக்குப்படி சுமார் எட்டு லட்சம் பேர். அரியலூரைவிடச் சற்றே பெரிது. ரயில் பாதை கிடையாது, பெரிய நகரம் கிடையாது. அங்கே கிருஷ்ணகிரி என்ற இடத்தில் கேரளக் கிரிக்கெட் சங்கம் மலைச் சரிவை வெட்டி ஒரு மைதானம் கட்டியது. 2019 ஜனவரியில் கேரளத்துக்கும் விதர்பாவுக்கும் இடையிலான ரஞ்சி அரையிறுதி அங்கே நடந்தது. அதே வயநாட்டின் மானந்தவாடியிலிருந்து வந்த, குறிச்சியர் பழங்குடியைச் சேர்ந்த மின்னு மணி 2023இல் இந்தியாவுக்கு ஆடினார். அடுத்த ஆண்டு அதே பகுதியின் சஜனா சஜீவன், மகளிர் பிரீமியர் லீக்கில் மும்பைக்காகச் சந்தித்த முதல் பந்தையே, ஆட்டத்தின் கடைசிப் பந்தை, சிக்ஸராக அடித்து வெற்றி தேடித் தந்தார். பிறகு இந்திய அணிக்கும் வந்தார். மைதானம் ஒன்றே அவர்களை உருவாக்கியது என்று சொல்ல மாட்டேன். கேரளச் சங்கத்தின் பயிற்சி விடுதிகளுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. ஆனால் ஒரு சங்கம் எட்டு லட்சம் பேர் உள்ள மலை மாவட்டத்தை எண்ணிக்கையை வைத்துத் தள்ளிவிடவில்லை என்பதும், அதன் பலன் பத்தே ஆண்டில் தெரிந்தது என்பதும் கண்முன் இருக்கின்றன. கர்நாடகச் சங்கமும் ஹுப்பள்ளி, பெலகாவி, சிவமொக்கா என்று மண்டலந்தோறும் மைதானம் கட்டி ரஞ்சி ஆட்டங்களை அங்கெல்லாம் கொண்டுபோனது.

இரண்டாவது மறுப்பு, திருச்சி அணியே உங்கள் அணிதானே என்பது. முப்பது ஆண்டுக்கு முன்புவரை ஒரே மாவட்டம். மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் இன்றைக்கும் திருச்சிக்குத்தான் போகிறோம். கிராண்ட் சோழாஸ் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். இந்த வாதத்தில் பாதி உண்மை. அந்த அணியைத் தங்கள் அணியாகக் கொண்டாட இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு முழு உரிமை உண்டு, கொண்டாடவும் செய்கிறார்கள். ஆனால் திருச்சி என்ற மாநகரத்துக்கே லீக் ஆட்டம் வரவில்லை என்னும்போது, அதன் நிழலில் நிற்கச் சொல்வது தீர்வாகாது. மத்திய மண்டலத்தில் ஒரு மைதானம்தான் சாத்தியம், அது திருச்சியில்தான் அமையும் என்று கிரிக்கெட் சங்கம் முடிவெடுத்தால், அது பேச்சுவார்த்தைக்கு உரிய முடிவு. அரியலூர் ரயிலில் ஒன்றரை மணி நேரத் தொலைவுக்குள் இருக்கும் ஊர்தான். ஆனால் பதிமூன்று வயதுப் பையனுக்கும் பெண்ணுக்கும் பள்ளி விட்ட பிறகான தினசரிப் பயிற்சிக்கு அந்தத் தொலைவு ஒத்துவராது. ஆட்டம் பார்க்க ஆண்டுக்கு ஒருமுறை திருச்சிக்குப் போகலாம். ஆட்டம் பழக நாள்தோறும் போக முடியாது.

மூன்றாவது மறுப்பைத்தான் நான் கனமாக எடுத்துக்கொள்கிறேன். கபடியும் வாலிபாலும் தடகளமும் உயிரோடு இருக்கும் மாவட்டங்களில் கிரிக்கெட்டுக்கு ஏன் இவ்வளவு? ஏற்கெனவே எல்லாக் கண்ணும் எல்லாப் பணமும் அங்கேதான் போகிறது. ஒரு புல்தரை மைதானத்துக்கு ஆகும் செலவில் பத்து ஊருக்குக் கபடித் தளம் போடலாம். நியாயமான கவலை. அதனால்தான் அரசின் விளையாட்டு மேம்பாட்டு ஆணைய நிதியை இதற்குக் கேட்கக் கூடாது என்கிறேன். அந்தப் பணம் மாவட்ட விளையாட்டரங்குகளுக்கும் மற்ற விளையாட்டுகளுக்குமே இருக்கட்டும். கிரிக்கெட் தன் வீட்டை, தான் ஈட்டும் பணத்தில் கட்டிக்கொள்ள வல்லது; சுரங்கமும் ஆலையும் தரவேண்டிய பங்கைத் தரட்டும். கனிம அறக்கட்டளைப் பணம் சேரும் பட்சத்தில், மைதானத்தைச் சுற்றி ஓடுதளத்துக்கும் மற்ற ஆடுகளங்களுக்கும் இடம் ஒதுக்குவதை நிபந்தனையாக வைக்கலாம். கிரிக்கெட்டின் கவர்ச்சியால் வரும் பணத்தில் மற்ற ஆட்டங்களும் இடம் பெறும் வாய்ப்பை, கிரிக்கெட்டின் மேல் உள்ள கோபத்தால் தவறவிட வேண்டாம்.

அணியைவிட மைதானத்தை நான் வற்புறுத்த இன்னொரு காரணமும் உண்டு. ஃப்ரான்சைஸ் என்பது வணிகம். வணிகம் எப்போதும் நிலைத்திருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பக்கத்து மாநிலத்தில் கர்நாடகா பிரீமியர் லீக் பல சீசன்கள் நடந்தது. 2019இல் சூதாட்டப் புகாரில் அணி உரிமையாளரும் பயிற்சியாளரும் வீரர்களும் கைதானார்கள். லீக் நின்றுபோனது, மகாராஜா கோப்பை என்ற புதிய பெயரில் 2022இல்தான் மீண்டது. லீக் நின்ற காலத்திலும் ஹுப்பள்ளி மைதானமும் சிவமொக்கா மைதானமும் எங்கும் போய்விடவில்லை. அங்கே பிள்ளைகள் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். தமிழ்நாட்டில் 2020 சீசன் கொரோனாவில் நடக்கவே இல்லை. 2021 சீசன் முழுவதும் ஆளில்லாச் சேப்பாக்கத்தில் நடந்தது. உரிமையாளர் மாறலாம், பெயர் மாறலாம், சீசன் ரத்தாகலாம். நன்றாகப் பராமரித்த ஆடுகளம் மூன்று தலைமுறைக்கு நிற்கும்.

எங்கே அமைப்பது என்பதில் கவனம் வேண்டும். விழாக் கால உற்சாகத்தில் கங்கைகொண்ட சோழபுரத்திலேயே, கோபுரம் தெரியும் தூரத்தில் கட்டலாம் என்று யாரேனும் சொன்னால், ஒப்புக்கொள்ளக் கூடாது. கோயில் 2004 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். தொல்லியல் சட்டப்படி சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குக் கட்டுமானமே கூடாது. அதற்கு மேல் இருநூறு மீட்டருக்குக் கட்டுப்பாடு உண்டு. சட்டத்தைவிடப் பெரிய காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. அருகே உள்ள மாளிகைமேட்டில் தோண்டத் தோண்ட அரண்மனைச் சுவர்கள் வருகின்றன. தலைநகரின் பெரும்பகுதி இன்னும் வெளியே வரவில்லை. ரோலர் உருட்ட வேண்டிய மண் அது இல்லை. அதேபோல், நிலக்கரித் திட்டத்துக்காக நிலம் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறிய ஜெயங்கொண்டம் சுற்றுவட்டார விவசாயிகளிடம் இன்னொரு முறை நிலம் கேட்பதும் முறையாகாது. கையகப்படுத்தவே தேவையில்லாத நிலம் இந்த மாவட்டத்தில் உண்டு: ஆலைகளின் கையில் உள்ள, சுரங்கம் தோண்டப்படாத அல்லது தோண்டி முடித்துச் சமன்செய்ய வேண்டிய நிலம். சுரங்கத்தை மூடும்போது அந்த நிலத்தைச் சீர்படுத்தித் தருவது குத்தகைதாரரின் கடமை. புல்லுக்குத் தண்ணீர் எங்கே என்ற கேள்விக்கும், பழைய குவாரிகளில் தேங்கும் மழைநீரைச் சோதித்துப் பயன்படுத்த முடியுமா என்று முதலில் பார்க்கலாம். குடிநீரிலோ பாசன நீரிலோ கைவைக்கும் திட்டத்தை இந்த மண்ணில் யாரும் ஏற்கமாட்டார்கள், ஏற்கவும் கூடாது.

கேட்பதன் அளவையும் சொல்லிவிட வேண்டும். ஐம்பதாயிரம் இருக்கை வேண்டாம். முதல் கட்டத்தில் ஒரு முழு அளவு மைதானம், நடுவில் புல்தரை ஆடுகளங்கள், ஓரத்தில் பயிற்சிக்கான நெட், ஆடுகளத்தைப் பராமரிக்கச் சம்பளம் வாங்கும் ஒரு கியூரேட்டர், ஆண்டு முழுவதும் தங்கியிருக்கும் ஒரு பயிற்சியாளர், பெண் பிள்ளைகளுக்குத் தனி உடைமாற்று அறையும் கழிப்பறையும். இவ்வளவு இருந்தால் மாவட்டங்களுக்கு இடையிலான வயதுவாரிப் போட்டிகளை இங்கே நடத்தலாம். அரியலூர், பெரம்பலூர் அணிகள் ஒவ்வொரு முறையும் பஸ் ஏறிப் போய் அறிமுகமில்லாத ஆடுகளத்தில் ஆடும் நிலை மாறும். விளக்குக் கம்பங்களும் கேலரியும் பிறகு வரட்டும். வாழப்பாடியில் ஆனது இங்கே ஆகாமல் போகக் காரணமில்லை.

தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்திடம் வைக்க வேண்டிய வேண்டுகோள் ஒன்று: லீக்கின் இரண்டாவது பத்தாண்டுக்கு எந்தெந்த மாவட்டத்தில் மைதானம் கட்டப்போகிறோம் என்று ஒரு வரைபடத்தை வெளியிடுங்கள், அதில் திருச்சிக்கும் அரியலூருக்கும் ஆண்டு குறித்து இடம் கொடுங்கள். ஆலை நிர்வாகங்களிடம் வைக்க வேண்டியது: சங்கர் நகரில் முடிந்ததை இங்கும் செய்யுங்கள். மூன்றாவது வேண்டுகோள் வாசகர்களுக்கு. கனிம அறக்கட்டளைக்கு மாவட்ட ஆட்சியரே தலைவர். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களின் கிராம சபைக்கு அதன் திட்டங்களில் கருத்துச் சொல்ல உரிமை உண்டு. தளவாய், ரெட்டிபாளையம், கோவிந்தபுரம் பக்கத்து ஊர்க்காரர்கள் அடுத்த கிராம சபையில் இந்த ஒரு தீர்மானத்தை எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள்.